மில் திவாலில் இருக்கும்போது சம்பளக் குறைப்பு ஒப்பந்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தைச் சுற்றியுள்ள நூற்பாலைகளில் சங்க வேலை பார்க்கிறேன். மில் மீது திவால் வழக்கு நடக்கிறது, சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் மில் பிழைக்கும் என்று ஒரு தாளை நீட்டுகிறார்கள், கையெழுத்துப் போடலாமா என்ற கேள்வி ஓமலூர் ரோட்டிலிருந்தும் வருகிறது, ஆத்தூர் பக்கமிருந்தும் வருகிறது. ஷிப்ட் முடிந்து வந்தவர்கள் கேட்டதையும், அவர்கள் வீட்டில் உள்ளவர்கள் போனில் கேட்டதையும், கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளத்தை ஒரு பைசா குறைக்கக் கூடாது என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. எவ்வளவு குறைகிறது, எந்தத் தேதி வரை, எப்படித் திரும்ப வரும் என்ற மூன்றும் தொகையோடும் தேதியோடும் இல்லாத தாளில் கையெழுத்து வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

மில்லு திவாலுக்குப் போயிடுச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு. அப்படின்னா மூடிட்டாங்கன்னு அர்த்தமா?

இல்லை. 2016-ஆம் ஆண்டுத் திவால் சட்டப்படி முதலில் நடப்பது மீட்பு முயற்சி. கடன் கொடுத்த வங்கியோ, பாக்கி வராத பஞ்சு வியாபாரியோ, கம்பெனியேகூடவோ சென்னையில் உள்ள தேசியக் கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம். என்சிஎல்டி என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். குறைந்தது 1 கோடி ரூபாய் பாக்கி தவறியிருக்க வேண்டும். மனு ஏற்கப்பட்ட நாளிலிருந்து முதலாளி, இயக்குநர்கள் எல்லோருடைய அதிகாரமும் நின்றுவிடுகிறது. தீர்ப்பாயம் நியமித்த ஒருவர் மில்லை நடத்துவார். அவர்தான் ஆர்.பி., அதாவது ரெசல்யூஷன் புரொஃபஷனல்.

மீட்புக்குச் சட்டம் தரும் நேரம் 180 நாள். அதன் மேல் 90 நாள் நீட்டிக்கலாம். வழக்கு வம்பு எல்லாம் சேர்த்து 330 நாளுக்குள் முடிய வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் இது பல கம்பெனிகளில் தாண்டிப் போகிறது. வாங்க ஆள் வந்து, அவர் தரும் திட்டத்தை வங்கிகள் அடங்கிய குழு 66 சதவீத ஓட்டில் ஏற்றால், தீர்ப்பாயத்தின் ஒப்புதலோடு மில் புதுக் கைக்குப் போகும். யாரும் வராவிட்டாலோ, வந்தவர் திட்டம் ஏற்கப்படாவிட்டாலோ நிறைவேறாவிட்டாலோதான் கலைப்பு, அதாவது விற்றுப் பங்கு போடுவது.

பழைய முதலாளி நல்ல மனுஷன். அவரே நேர்ல வந்து கையெழுத்துக் கேக்கறாரு. போடலாமா?

அவர் நல்லவராகவே இருக்கட்டும். மனு ஏற்கப்பட்ட பிறகு மில் சார்பில் ஒப்பந்தம் போட அவருக்கு அதிகாரம் இல்லை. ஆர்.பி. கையெழுத்து இல்லாத ஒப்பந்தத்தை நாளைக்கு எந்த மன்றத்திலும் காட்ட முடியாது. மனு ஏற்கப்படுவதற்கு முன்னால் கேட்கிறார் என்றால் அவர் கையெழுத்துச் செல்லும். ஆனால் அப்போதும் சங்கம் வழியாகத்தான் பேச வேண்டும்.

எங்களையும் கடன் கொடுத்தவங்கன்னு சொல்றாங்களே, நாங்க என்ன கடன் கொடுத்தோம்?

மாதம் முழுக்க உழைத்துவிட்டு அடுத்த மாதம் 7-ஆம் தேதி கூலி வாங்குகிறீர்கள். அந்த இடைவெளியில் உங்கள் உழைப்பு மில்லிடம் கடனாகத்தான் இருக்கிறது. சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. பாக்கிச் சம்பளம், விடுப்புச் சம்பளம், பணிக்கொடை (கிராஜுவிட்டி) எல்லாம் நீங்கள் மில்லிடம் கேட்க வேண்டிய கடன்.

ஆனால் வங்கிக்கும் உங்களுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வங்கிக்கு அந்தக் குழுவில் ஓட்டு இருக்கிறது, உங்களுக்கு இல்லை. தொழிலாளர், சரக்குக் கொடுத்தவர்கள் போன்றோரின் பாக்கி மொத்தக் கடனில் 10 சதவீதமாவது இருந்தால் ஒரு பிரதிநிதி உட்கார்ந்து கேட்கலாம், பேசலாம். ஓட்டுப் போட முடியாது. ஓட்டு இல்லாத உங்களிடம் இருக்கிற ஒரே பிடி உங்கள் கையெழுத்து. அதனால்தான் அதைச் சும்மா கொடுத்துவிடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

அதுக்கு ஏதோ படிவம் போடணுமாமே? போடலைன்னா என்ன, மில்லு ரிஜிஸ்டர்லதான் எல்லாம் இருக்கே?

படிவம் டி. தொழிலாளி ஒவ்வொருவரும் தனியாகப் போடலாம். எல்லோருக்கும் சேர்த்து ஒரு பிரதிநிதி போடுவதென்றால் படிவம் இ. ஆர்.பி. ஒரு ஆங்கிலப் பத்திரிகையிலும் ஒரு தமிழ்ப் பத்திரிகையிலும் விளம்பரம் கொடுப்பார். கடைசித் தேதி அதில் இருக்கும். அதைத் தவறவிட்டாலும் திவால் தொடங்கிய 90 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள்.

ரிஜிஸ்டரில் இருக்கிறதே என்று சும்மா இருக்கக் கூடாது. திட்டத்துக்குத் தீர்ப்பாயம் ஒப்புதல் கொடுத்த நாளில், அந்தத் திட்டத்தில் இல்லாத பழைய பாக்கிகள் அழிந்துபோகும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. புது முதலாளியிடம் போய் 3 மாதச் சம்பளம் பழைய பாக்கி இருக்கிறது என்று அப்புறம் கேட்க முடியாது. சம்பளச் சீட்டு, பி.எஃப். பாஸ்புக் நகல், டோக்கன் நம்பர் எல்லாம் வைத்துக் கொடுங்கள், கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள்.

அமெரிக்காவுல ஏரோப்ளேன் கம்பெனி திவாலானப்ப, கோர்ட்டே பைலட் ஒப்பந்தத்தை ரத்து பண்ணிடுச்சாம். இங்கயும் அப்படிப் பண்ண முடியுமா?

நிர்வாகத் தரப்பில் இதைச் சொல்லிப் பயமுறுத்துகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1983 செப்டம்பரில் கான்டினென்டல் விமான நிறுவனம் திவால் மனுப் போட்டு, சங்க ஒப்பந்தங்களைத் தன்னிச்சையாகத் தூக்கிப் போட்டுவிட்டு, விமானிகள் சம்பளத்தை ஏறக்குறைய பாதியாகக் குறைத்தது. எழுந்த எதிர்ப்பில் 1984-ல் அமெரிக்கா சட்டம் திருத்தியது. இப்போது அங்கே 1113 என்ற பிரிவுப்படி, கம்பெனி முதலில் சங்கத்திடம் கணக்கு வழக்கைக் காட்ட வேண்டும், நல்லெண்ணத்தோடு பேச வேண்டும், பாரம் எல்லோர் மேலும் நியாயமாக விழ வேண்டும். அதன் பிறகும் சங்கம் தகுந்த காரணமில்லாமல் மறுத்தால் நீதிமன்றம் ஒப்பந்தத்தை ரத்து செய்ய அனுமதிக்கலாம்.

நம் திவால் சட்டத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. உங்கள் ஊதிய ஒப்பந்தத்தை ரத்து செய்து கொடுங்கள் என்று ஆர்.பி. என்சிஎல்டியில் கேட்க வழியில்லை. சம்பளத்தைக் குறைக்க வேண்டுமானால் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், இல்லையேல் சங்கத்தோடு ஒப்பந்தம் போட வேண்டும். கோர்ட் குறைத்துவிடும் என்று யாராவது சொன்னால், எந்தப் பிரிவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

பைலட்டுங்க லட்ச லட்சமா வாங்கறவங்க. அவங்க கதை நமக்கு எதுக்குங்க?

சம்பளம் வேறுதான், மாட்டிக்கொண்ட இடம் ஒன்று. அமெரிக்க விமானிக்கு எல்லாமே சீனியாரிட்டி. 20 வருஷம் ஓட்டியவர் வேறு கம்பெனிக்குப் போனால் அங்கே கடைசி ஆளாகத்தான் சேர வேண்டும். 25 வருஷம் சைடராக, அதாவது நூற்பு மெஷின் பார்ப்பவராக, இருந்தவர் நாமக்கல்லில் வேறு மில்லுக்குப் போனால் புது டோக்கன், புது ஆள். அதனால் வெளியே போவதைவிடக் குறைவுக்குச் சம்மதிப்பது மேல் என்ற கணக்கு இருவருக்கும் வருகிறது. நிர்வாகத்துக்கும் அது தெரியும்.

யுனைடெட் நிறுவனம் 2002 டிசம்பரில் திவாலானது. விமானிகள் 2003-ல் சுமார் 30 சதவீதக் குறைப்புக்குச் சம்மதித்தார்கள். அதோடு முடியவில்லை. 2005-ல் இன்னொரு குறைப்பு வந்தது. அதே வருஷம் ஓய்வூதியத் திட்டங்களையே கைவிட நீதிமன்றம் அனுமதித்தது. முதல் ஒப்பந்தத்தில் கொடுத்தது, அடுத்து கேட்பதைத் தடுக்கவில்லை. நம் மில்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் குறைப்பு சுலபமாக நடந்தால் இரண்டாவது தாள் சீக்கிரம் வரும்.

அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கதை வேறு. 2011 நவம்பரில் திவால். 2012 ஆகஸ்டில் நிர்வாகம் கடைசி என்று சொன்ன ஒப்பந்தத்தை 61 சதவீத விமானிகள் ஓட்டுப் போட்டு நிராகரித்தார்கள். அடுத்த மாதமே நீதிமன்றம் பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்ய அனுமதித்தது. அதோடு கதை முடிந்தது என்று பலர் நினைத்தார்கள். ஆனால் பேச்சு தொடர்ந்தது. டிசம்பரில் வந்த ஒப்பந்தத்தை 74 சதவீதம் பேர் ஏற்றார்கள். அதில் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகப் புதுக் கம்பெனியின் பங்கில் 13.5 சதவீதம் விமானிகளுக்கு ஒதுக்கப்பட்டது. கடைசி வாய்ப்பு என்று சொல்லப்படுவது எப்போதும் கடைசி வாய்ப்பு இல்லை. அதே நேரம், மறுப்பதற்கும் ஒரு விலை உண்டு. இரண்டும் அந்த ஒரே கதையில் இருக்கிறது.

நம்ம நாட்டுல பைலட்டுங்களுக்கு என்ன கெடைச்சுது? சேலத்துலகூட கிங்ஃபிஷர் வந்துச்சே.

காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறந்த கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் நாடு முழுக்க நின்றது. மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. அப்போது இந்தத் திவால் சட்டமே இல்லை.

ஜெட் ஏர்வேஸ் கதைதான் நமக்குப் பாடம். 2018-ல் நிர்வாகம் சம்பளத்தைக் குறைக்கக் கேட்டது, விமானிகள் மறுத்தார்கள், பிறகு சம்பளமே தாமதமாகத் தொடங்கியது. 2019 ஏப்ரல் 17-ஆம் தேதி விமானங்கள் நின்றன. வங்கிகளுக்கு மட்டும் 8,000 கோடி ரூபாய்க்கு மேல் பாக்கி. அந்த மலைக்கு முன்னால் விமானிகள் குறைத்துக்கொண்டிருந்தாலும் கம்பெனி நின்றிருக்குமா என்று யோசித்துப் பாருங்கள். ஊழியர்கள் வழக்குப் போட்டு, பி.எஃப்., பணிக்கொடை முழுசாகக் கொடுக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் உத்தரவு வாங்கினார்கள். 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. ஆனால் வாங்க வந்தவர்கள் திட்டத்தை நிறைவேற்றாததால் 2024 நவம்பர் 7-ஆம் தேதி கம்பெனியைக் கலைக்க உச்ச நீதிமன்றமே உத்தரவிட்டது. காகிதத்தில் உரிமை வாங்குவது ஒன்று, பணம் கைக்கு வருவது வேறொன்று.

12(3) ஒப்பந்தம், 18(1) ஒப்பந்தம்னு சொல்றாங்க. எதுல போட்டா நல்லது?

தொழிலாளர் துறை அதிகாரி முன்னிலையில் சமரசப் பேச்சில் போடுவது 12(3). அது எல்லாச் சங்கத்தாரையும், சங்கத்தில் இல்லாதவர்களையும், இனி வேலைக்குச் சேர்பவர்களையும், மில்லை வாங்க வருபவரையும் கட்டுப்படுத்தும். 18(1) என்பது நிர்வாகமும் ஒரு சங்கமும் தங்களுக்குள் போட்டுக்கொள்வது. கையெழுத்துப் போட்ட தரப்பை மட்டும் கட்டுப்படுத்தும். இவை பழைய தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்கள். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் வந்துவிட்டது. எண்கள் மாறினாலும் இந்த இரண்டு வகையும் அப்படியே இருக்கின்றன, கேட்டில் இன்னும் பழைய பெயரில்தான் சொல்கிறோம்.

நம் கோரிக்கைகள் எழுதப்பட்டிருந்தால் 12(3) மேல், ஏனென்றால் புது முதலாளியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். வெறும் குறைப்பு மட்டும் எழுதப்பட்டிருந்தால் அதே 12(3) நம் கழுத்துக்கு வரும். குறைந்த சம்பளத்தோடு மில்லை வாங்குகிற வசதி அவருக்குக் கிடைத்துவிடும்.

சங்கம் வேண்டாம், நீ தனியா போட்டுக் கொடுன்னு ஆபீஸ்ல கூப்பிட்டு வெத்துத் தாள்ல கையெழுத்துக் கேக்கறாங்க.

போடாதீர்கள். எழுதாத தாளில் கையெழுத்து என்றால் பின்னால் ராஜினாமாக் கடிதமாகவும் அது மாறலாம். தேதி, கேட்டவர் பதவி இரண்டையும் குறித்துச் சங்கத்தில் சொல்லுங்கள், தொழிலாளர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் புகார் போடுங்கள்.

மாசம் மூவாயிரம்தானே கொறையுது. ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டா மில்லு நிக்கும்ல?

இந்தக் கேள்விக்கு நான் எப்போதும் பேனாவை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டுவேன். பணிக்கொடை, கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையில் வருஷத்துக்கு 15 நாள் என்று கணக்கிடப்படுகிறது. மாதத்துக்கு 26 நாள். 18,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு 25 வருஷ சர்வீஸ் என்றால், 18,000-ஐ 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, 25-ஆல் பெருக்குங்கள். 2,59,615 ரூபாய் வரும். அதே ஆள் 15,000-க்குக் குறைத்துக்கொண்ட பிறகு வேலையை விட்டால் 2,16,346 ரூபாய்தான். வித்தியாசம் 43,269 ரூபாய். நேற்று ஒத்துக்கொண்ட குறைப்பு, 25 வருஷத்துக்கு முந்தைய உழைப்பின் மதிப்பையும் சேர்த்துக் குறைத்துவிடுகிறது.

இது பணிக்கொடையோடு நிற்காது. ஆட்குறைப்பு நடந்தால் கிடைக்கும் இழப்பீடும் கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான். பி.எஃப்-இல் மாதம் விழும் 12 சதவீதம் இரண்டு பக்கமும் குறையும். பி.எஃப். ஓய்வூதியம் கடைசி 60 மாதச் சம்பளத்தின் சராசரியில் கணக்கிடப்படுவதால், 15,000-க்குக் கீழே போகிறவர்களுக்கு அதுவும் இறங்கும். மாதம் மூவாயிரம் என்று வாயால் சொல்லும் குறைப்பு, கணக்கில் இதெல்லாம் சேர்ந்ததாக வரும்.

அப்போ எதைக் கொறைக்கச் சம்மதிக்கலாம்?

அடிப்படையையும் பஞ்சப்படியையும் தொடாதீர்கள். மேலே போட்ட கணக்கு முழுக்க அவற்றின் மேல்தான் நிற்கிறது. உற்பத்தி ஊக்கத்தொகை, வருகைப் பரிசு, இந்த வருஷ ஊதிய உயர்வு ஆகியவற்றைத் தள்ளிவைக்கலாம். ஊதிய உயர்வைக் குறிப்பிட்ட மாதங்களுக்கு நிறுத்திவைப்பது, ஏற்கெனவே வாங்குவதைக் குறைப்பதைவிட நூறு மடங்கு மேல்.

இன்னொரு வழி, குறைப்பதற்குப் பதிலாகத் தள்ளிப்போடுவது. சம்பளம் 18,000 என்றே இருக்கும். 16,000 இப்போது, 2,000 பின்னால் தர வேண்டிய பாக்கி என்று ஒவ்வொரு மாதச் சீட்டிலும் எழுதப்படும். பணம் வருமா வராதா என்பது வேறு விஷயம். ஆனால் கடைசிச் சம்பளம் 18,000-ஆகவே நிற்கிறது, பணிக்கொடை குறையாது. மீதி 2,000 நம் பெயரில் கடனாக ஏறிக்கொண்டே இருக்கிறது.

எது எதைக் கையெழுத்துப் போட்டாலும் விட்டுக்கொடுக்க முடியாது?

அரசு நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே யாரும் ஒப்பந்தம் போட முடியாது, போட்டாலும் செல்லாது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. நிர்வாகப் பங்கு, சட்டப்படியான பணிக்கொடை ஆகியவையும் அப்படியே. தீபாவளி போனஸில் 8.33 சதவீதம் குறைந்தபட்சம், அதற்குக் கீழே இறங்க முடியாது. 20 சதவீதம் வாங்கிக்கொண்டிருந்த மில்லில் அந்த மேல் பகுதியைப் பேசலாம்.

நாலு மாசச் சம்பளம் ஏற்கெனவே பாக்கி. புது ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டா அது வருமா?

பழைய பாக்கியும் புதுக் குறைப்பும் ஒரே தாளில் கலக்கக் கூடாது. குறைப்பு இந்தத் தேதிக்குப் பிறகான வேலைக்கு மட்டும், அதற்கு முந்தைய பாக்கி பழைய சம்பளப்படி இவ்வளவு ரூபாய் என்று தொகையோடு எழுத வேண்டும். அனைத்து நிலுவைகளும் இத்துடன் தீர்ந்தன என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா பாருங்கள், பெரும்பாலும் கடைசிப் பத்தியில் இருக்கும். அதை அடிக்கச் சொல்லுங்கள். திவால் தொடங்கும் முன் உள்ள பாக்கிக்குப் படிவம் டி போட வேண்டும், மேலே சொன்னேன்.

திவால் நடக்கும்போது தினமும் கேட்டுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுட்டு வர்றோம். மெஷின் ஓடலை. அந்தச் சம்பளம் வருமா?

திவால் காலத்தில் ஆர்.பி. மில்லை நடத்தினால், அப்போது வேலை செய்தவர்களின் சம்பளம் திவால் நடைமுறைச் செலவாகக் கருதப்பட்டு, வங்கிக்கு முன்னால் முழுசாகக் கொடுக்கப்படும். ஆனால் 2022 ஏப்ரலில் ஏபிஜி கப்பல் கட்டும் தளத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு கோடு போட்டது. கம்பெனி ஓடியிருக்க வேண்டும், தொழிலாளி உண்மையில் வேலை செய்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்த முன்னுரிமை.

ஆகவே யார் எந்த ஷிப்டில் எந்த மெஷினில் நின்றார்கள் என்பதற்குச் சான்று முக்கியம். மெஷின் ஓடாத நாளில் பராமரிப்பு, சுத்தம் செய்தல், நூல் அடுக்குதல் என்று வேலை கொடுத்தால் அது மஸ்டரில் (வருகைப் பதிவேட்டில்) எழுதப்படுகிறதா பாருங்கள். வேலையே இல்லை என்றால் லே-ஆஃப் இழப்பீடாக அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கேட்கலாம், அது உங்கள் பாக்கிக் கணக்கில் சேரும்.

நிலைமை சரியானதும் பழைய சம்பளம் தருவோம்னு எழுதியிருக்காங்களே, அது போதாதா?

போதாது. ஒரு வரைவில் இப்படி இருந்தது: “நிறுவனத்தின் நிதிநிலை சீரடையும் வரை இக்குறைப்பு அமலில் இருக்கும்.” சீரடைந்ததா என்று யார் சொல்வது? நிர்வாகம். எந்தக் கணக்கை வைத்து? எழுதவில்லை. அப்படி எழுதினால் அது நிரந்தரக் குறைப்புதான்.

நாங்கள் அதை இப்படி மாற்றக் கேட்டோம்: “இக்குறைப்பு 12 மாதங்களுக்கு மட்டும். 13-ஆவது மாதச் சம்பளம் எந்தப் பேச்சும் இன்றித் தானாகவே பழைய விகிதத்தில் வழங்கப்படும். அதற்கு முன் மீட்புத் திட்டம் ஒப்புதல் பெற்றாலோ, கலைப்பு உத்தரவு வந்தாலோ, அன்றே குறைப்பு முடிவுக்கு வரும். அதுவரை குறைந்த தொகை முழுவதும் தொழிலாளருக்குத் தர வேண்டிய பாக்கியாகக் கருதப்படும்.” பேச்சில் எல்லாமே கிடைக்காது. கடைசி வரியை மட்டுமாவது விடாதீர்கள். கலைப்பு வந்தால் குறைத்த சம்பளத்தில் உங்கள் பாக்கியைக் கணக்கிடுவதை அது தடுக்கும்.

நாங்க விட்டுக்கொடுத்த பணம் எங்க போகுது? மில்லுக்கா, பேங்குக்கா?

இதைக் கேட்டவர் ஒரு பெண் தொழிலாளி, ரீலிங் பகுதியில் இருப்பவர். இத்தனை கேள்விகளில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது இது. மில்லை வாங்க வருபவர், இங்கே கூலிச் செலவு இவ்வளவு என்று பார்த்துத்தான் விலை சொல்வார். கூலி குறைந்தால் அவர் கொடுக்கும் விலை கொஞ்சம் ஏறலாம், அந்த ஏற்றம் வங்கிக்குப் போகும். விலை ஏறவில்லை என்றால் வாங்கியவருக்கு லாபம். இரண்டு வழியிலும் கொடுத்தவர் தொழிலாளி, வாங்கியவர் வேறு ஆள்.

அதனால் கேட்க வேண்டியது, மற்றவர்கள் என்ன குறைத்துக்கொள்கிறார்கள் என்பது. மேலாளர்கள் சம்பளம் எத்தனை சதவீதம் குறைகிறது, வங்கி வட்டியில் என்ன தள்ளுபடி, எழுத்தில் காட்டுங்கள் என்று கேளுங்கள். அமெரிக்க விமானிகள் பங்கு வாங்கினார்கள் என்று மேலே சொன்னேன். நம் மில்லில் பங்கு வேண்டாம், மீட்புத் திட்டம் ஏற்கப்பட்டால் ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பிட்ட தொகை என்று எழுதி வாங்கலாம். ஆர்.பி. மூலம் இதை மீட்புத் திட்டத்தில் சேர்க்கக் கேட்பதே பாதுகாப்பு, திட்டத்தில் வந்துவிட்டால் வாங்குபவரைக் கட்டுப்படுத்தும்.

ஒத்துக்கலைன்னா மூடிடுவாங்கன்னு சொல்றாங்க. நிஜமாவே மூடிடுவாங்களா?

மூடலாம். மூட மாட்டார்கள் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் உங்கள் கூலியால்தான் மூடுகிறதா என்பதைக் கணக்கு வைத்துப் பாருங்கள். நூல் உற்பத்திச் செலவில் பாதிக்கு மேல் பஞ்சுக்கே போகிறது. அடுத்து மின்சாரம். அதன் பிறகுதான் கூலி. 100 ரூபாய்ச் செலவில் கூலி 10 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 சதவீதம் குறைத்தால் மிச்சம் 2 ரூபாய். பஞ்சு விலை கொஞ்சம் ஏறினால் அந்த 2 ரூபாய் ஒரே வாரத்தில் காணாமல் போகும். அமெரிக்க விமான கம்பெனியில் ஊழியர் செலவு எரிபொருளுக்கு ஈடாக நிற்கும் பெரிய செலவு, அங்கே குறைப்பு கணக்கைப் புரட்டிப்போடும். மில்லில் அப்படி இல்லை.

அதனால் ஆர்.பி-யிடம் நேரடியாகக் கேளுங்கள். இந்தக் குறைப்பால் மாதம் எத்தனை லட்சம் மிச்சம், மாத நஷ்டம் எத்தனை லட்சம்? நஷ்டத்தில் கால்வாசியைக்கூட அது அடைக்கவில்லை என்றால் மில் வேறு காரணத்தால் சாகிறது, உங்கள் குறைப்பு அதைத் தடுக்காது. ஆனால் வாங்க ஒரு ஆள் உண்மையிலேயே வந்திருக்கிறார், 6 மாதம் மில்லை ஓட்டிக் காட்டினால் விற்றுவிடும் என்று ஆவணத்தோடு காட்டினால், காலக்கெடுவோடு விட்டுக்கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஓடுகிற மில்லுக்கு வாங்க ஆள் வருவார், நின்றுபோன மில்லுக்கு நிலத்துக்குத்தான் ஆள் வருவார்.

நான் சூப்பர்வைசர். கலைச்சுட்டா எனக்கும் அதே வரிசையா?

இல்லை. கலைப்பில் முதலில் நடைமுறைச் செலவு. அடுத்து தொழிலாளரின் 24 மாத பாக்கி, அது, அடமானச் சொத்தைத் தானே விற்றுக்கொள்ளாமல் கலைப்புக் கணக்கில் விட்டுக்கொடுத்த வங்கியோடு சம நிலையில் வரும். அதற்குக் கீழேதான் தொழிலாளர் அல்லாத ஊழியரின் 12 மாத பாக்கி. பெயர்ப்பலகையில் சூப்பர்வைசர் என்று இருப்பதை வைத்து மட்டும் முடிவாகாது, நீங்கள் உண்மையில் செய்த வேலையைத்தான் பார்ப்பார்கள். படிவத்தில் உங்கள் வேலையை விளக்கமாக எழுதுங்கள்.

பி.எஃப்., ஓய்வூதியம், பணிக்கொடை நிதியில் உள்ள பணம் இந்த வரிசைக்குள்ளேயே வராது, அதைத் தொட முடியாது. ஆனால் பணிக்கொடைக்கென்று மில் தனி நிதி வைத்திருக்கிறதா, எல்ஐசி குழுத் திட்டத்தில் கட்டியிருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். நிதியே இல்லாத இடத்தில் வழக்காடித்தான் வாங்க வேண்டி வருகிறது.

என் தம்பி ஏற்காட்டுல காபி எஸ்டேட்ல இருக்கான், மச்சான் ஜவ்வரிசி ஆலையில. அவங்களுக்கும் இதே சட்டமா?

எஸ்டேட்டோ ஆலையோ கம்பெனியாகப் பதிவானதா என்று முதலில் பாருங்கள். இங்கே சொன்ன நடைமுறை கம்பெனிகளுக்கும் எல்எல்பி என்று பதிவான வரையறுக்கப்பட்ட பொறுப்புக் கூட்டாண்மைகளுக்கும்தான். தனி ஆள் பெயரிலோ கூட்டுப் பங்காளிகள் பெயரிலோ நடக்கும் ஜவ்வரிசி ஆலை, விசைத்தறிக் கூடம், வெள்ளிக் கொலுசுப் பட்டறைக்கு இது வராது. அங்கே தொழிலாளர் துறையும் தொழிலாளர் நீதிமன்றமும்தான் வழி. திவால் நடக்கும்போது கம்பெனி மீது வழக்குப் போட இருக்கும் தடை இங்கே இல்லாததால் முதலாளி மீது நேரடியாக வழக்குப் போடலாம், அந்த வகையில் அவர்களுக்கு ஒரு வசதி.

ஒப்பந்தம் போடுறதுக்கு முன்னாடி எல்லாரையும் கேக்கணுமா, சங்கத் தலைவர் போட்டா போதுமா?

ஓட்டெடுப்பு நடத்தச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் நடத்துங்கள், ரகசிய ஓட்டாக. விமானிகள் சங்கங்களில் இப்படி ஒப்பந்தத்தை உறுப்பினர் ஓட்டுக்கு விடுவது வழக்கம். வாயிற்கூட்டத்தில் கை தூக்கச் சொன்னால் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்துத்தான் கை உயரும். வரைவைத் தமிழில் அச்சடித்து, 3 ஷிப்டுக்கும் கொடுத்து, ஒரு வாரமாவது வீட்டில் பேசவிட்டு, அப்புறம் ஓட்டு. வராதவர் இடத்தில் வேலைக்கு வரும் பதிலித் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள், குறைப்பு அவர்கள் தலையில்தான் முதலில் விழுகிறது.

எனக்கு ரிடையர் ஆக ஒரு வருஷம்தான் இருக்கு. மத்தவங்க எல்லாம் ஒத்துக்கறாங்க. நான் என்ன பண்றது?

பணிக்கொடைக் கணக்கில் சொன்னபடி, அதிகம் இழப்பவர் நீங்கள்தான். இளையவருக்குச் சம்பளம் திரும்ப ஏற நாள் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. ஓட்டில் மற்றவர்கள் ஜெயித்து, அது 12(3)-ஆக வந்தால் உங்களையும் கட்டுப்படுத்தும்.

அதனால் ஒப்பந்தத்துக்கு முன்பே சங்கத்தில் இதைக் கேட்டு எழுத வையுங்கள்: குறைப்புக் காலத்தில் ஓய்வு பெறுபவர், இறப்பவர், ஆட்குறைப்பில் போகிறவர் ஆகியோருக்குப் பணிக்கொடையும் இழப்பீடும் குறைப்புக்கு முந்தைய சம்பளத்தில் கணக்கிடப்படும். சட்டப்படி கிடைப்பதைவிடக் கூடுதலான பணிக்கொடையை ஒப்பந்தத்தில் தரலாம், தடை இல்லை. இந்த ஒரு வரிக்கு நிர்வாகத்துக்கு ஆகும் செலவும் குறைவு, ஒரு வருஷத்தில் ஓய்வு பெறுபவர்கள் சில பேர்தான். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுகிறார்கள். கேட்காத மில்களில்தான் அது விட்டுப்போகிறது.